இன்னொரு கேமரா எங்கே?

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் எங்கள் தெருப் பையன் முதுகுப் பையோடு வந்து நின்றான். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். லீவு நாளில் ஏரிக்கரைக்குப் போய்க் கொக்கும் நாரையும் படம் எடுப்பான். பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து எங்கள் வீட்டு வராந்தாவில் சீர்வரிசை மாதிரிப் பரப்பினான். கேனான் 1500டி. அதோடு வந்த 18-55 லென்ஸ். கொக்குக்காக வாங்கிய 55-250. பேட்டரி ஒன்று. 32 ஜிபி கார்டு ஒன்று.

"அங்கிள், பெரியம்மா பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம். போட்டோவுக்குத் தனியா ஆள் வேணாம், நீயே எடுத்துடுன்னு சொல்லிட்டாங்க. இது போதுமா?"

இந்தக் கேள்விக்கு ஊரில் இரண்டு பதில் உண்டு. கடைக்காரர் போதாது என்பார். தவணைக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்றும் சொல்வார். இன்னொரு கூட்டம், கேமராவில் என்ன இருக்கிறது, எல்லாம் கண்ணில் இருக்கிறது என்று தத்துவம் பேசும். இப்படிப் பேசுகிறவர் கையில் எப்போதும் மூன்று லட்ச ரூபாய்க் கேமரா இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

எனக்கு இரண்டுமே சரிப்படாது. நான் போட்டோகிராபர் ஆவதற்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். 1964இல் தொடங்கிய எஸ்டேட் அது. அங்கே பெரிய கம்பெனிகளுக்குச் சின்னச் சின்னப் பாகம் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்து, முகூர்த்த நாளில் லீவு போட்டும் நைட் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டும் கல்யாணம் எடுத்தேன். பட்டறையில் என் கையில் எப்போதும் இருந்தது ப்ளக் கேஜ். கோ, நோ-கோ என்று அதற்கு இரண்டு முனை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. அவ்வளவுதான் தீர்ப்பு. லேத் எந்த நாட்டுச் சரக்கு, எத்தனை லட்சம் என்றெல்லாம் கேஜ் கேட்காது. டிராயிங்கில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அந்த அளவு வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. பழைய லேத்தில் கடைந்தது பாஸ் ஆகும். புது மெஷினில் கடைந்தது ரிஜெக்ட் ஆகும். இரண்டையும் பார்த்தவன் நான்.

ஆகவே பையனிடம், "முதல்ல டிராயிங்கைப் பார்ப்போம்டா" என்றேன். கல்யாணம் என்ன அளவு கேட்கிறது?

சி.டி.எச். ரோட்டில் பாடியிலிருந்து ஆவடி வரை இருக்கிற மண்டபங்களில் பெரும்பாலானவற்றுக்குள் நான் போயிருக்கிறேன். முந்தின நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியலில் முகூர்த்தம். நாலரை–ஆறு முகூர்த்தம் என்றால் வெளியே இருட்டு, உள்ளே மஞ்சள் பல்பும் வெள்ளை எல்இடியும் கலந்த ஒரு வெளிச்சம். ஹோமப் புகை. மணவறையைச் சுற்றி இரண்டு வீட்டாரும். வாத்தியார் கையைத் தூக்கி விரலை ஆட்டுவார், கெட்டி மேளம் கொட்டும், அட்சதை பறக்கும். மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, பின்னால் நாத்தனார் மற்ற இரண்டையும் போடுவார். எல்லாம் சேர்த்து அரை நிமிடம். இதற்குள் யாராவது ஒரு சித்தப்பா கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வருவது உறுதி. அதனால் கையும் மேளக்காரரும் தெரிகிற இடத்தைப் பத்து நிமிடம் முன்பே பிடித்துக்கொள்ள வேண்டும். சுயமரியாதைத் திருமணமென்றால் இன்னும் சிரமம். 1967இல் அண்ணா ஆட்சி சட்டத் திருத்தம் கொண்டுவந்ததிலிருந்து அந்த முறைக்குச் சட்ட அங்கீகாரம் இருக்கிறது. ஆனால் எனக்குச் சைகை காட்ட அங்கே வாத்தியார் இல்லை. தலைவர் மைக்கில் பேசிக்கொண்டே தாலியை எடுத்துக் கொடுத்துவிடுவார். பேச்சு எப்போது முடியும் என்று அவருக்கே தெரியாது.

இந்த வெளிச்சத்தில் 18-55 லென்ஸை 55இல் வைத்தால் அதன் கண் 5.6க்கு மேல் திறக்காது. எல்இடி விளக்கு நம் ஐம்பது ஹெர்ட்ஸ் கரண்டில் வினாடிக்கு நூறு தடவை மினுக்கும். மலிவான விளக்கில் ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். நூறில் ஒரு பங்கு வினாடிதான் பத்திரம். கணக்குப் போட்டால் ஐஎஸ்ஓ ஐயாயிரத்துக்குப் பக்கம் போகும். பட்டுப்புடவை மேல் மணலைத் தூவினாற்போல் இருக்கும். இதே இடத்தில் ஐம்பது எம்எம் 1.8 லென்ஸ் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐயாயிரம் கேட்ட இடத்தில் ஐந்நூறு போதும். கேனானிலோ நிக்கானிலோ அது பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும், பழையது இன்னும் குறைவு. தாலி கட்டும்போது அதைப் போட்டுக்கொண்டு, மேலே தனி ஃப்ளாஷ் ஒன்றை வைத்துக்கொண்டால், பையனுடைய 1500டி கோ முனையில் சுலபமாகப் போய்விடும். இருபத்து நாலு மெகாபிக்சல் எந்த ஆல்பத்துக்கும் தாராளம்.

பையன் முகம் மலர்ந்தது. எனக்குத்தான் மலரவில்லை.

1996. அப்போது என்னிடம் இருந்தது ஒரே ஒரு பென்டாக்ஸ் கே1000, செகண்ட் ஹேண்ட். இரும்புக் குண்டு மாதிரி கேமரா. பேட்டரி செத்தாலும் மீட்டர்தான் நிற்கும், ஷட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் ஃப்ளாஷ் போட வேண்டுமானால் ஷட்டர் வேகம் அறுபதுக்கு மேல் போகக் கூடாது. போனால் ஃப்ளாஷ் அடிக்கும்போது அடுத்த திரை மூடத் தொடங்கியிருக்கும். படத்தில் ஒரு பக்கம் இருட்டு. இது எனக்குத் தெரியாததல்ல.

அன்று காலை முகூர்த்தம் ஏழரை–ஒன்பது. வாசலில் காசி யாத்திரை. நல்ல வெயில், ஃப்ளாஷ் தேவையில்லை. டயலைத் திருப்பி 125இல் வைத்துக் குடையும் விசிறியுமாக நின்ற மாப்பிள்ளையை எடுத்தேன். உள்ளே வந்தேன். மாலை மாற்றல், ஊஞ்சல், பாலும் பழமும், மாங்கல்ய தாரணம். எல்லாம் எடுத்து முடித்து ரோலை மாற்றும்போதுதான் டயலைப் பார்த்தேன். அறுபதுக்குத் திருப்பவே இல்லை.

வயிற்றில் புளியைக் கரைத்தது. யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடக் கூப்பிட்டார்கள், இலையில் உட்கார்ந்தேன், என்ன போட்டார்கள் என்று நினைவில்லை. லேபிலிருந்து பிரிண்ட் வர நாலு நாள் ஆனது. காசி யாத்திரைக் குடை பளிச்சென்று விழுந்திருந்தது. தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளையின் முகம் இருந்தது, நீட்டிய கை இருந்தது. பெண் இருட்டில் இருந்தாள்.

இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க முடியாது என்று அவர்கள் வீடியோ வைக்கவில்லை. நான் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டு என் அப்பாவையும் அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். பெண்ணின் அம்மா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கத்தவில்லை. "அப்போ மறுபடியும் தாலி கட்டச் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டார். அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. சரியாக விழவில்லை, இன்னொரு தடவை கையை வையுங்கள் என்று மணவறையிலேயே சொல்லும் தைரியசாலிகளை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு நாக்கு எழவில்லை.

அந்த வீட்டுக்குப் பல வருடம் கழித்து ஒரு காதுகுத்துக்குப் போனேன். ஆல்பத்தை எடுத்துக் காட்டினார்கள். அந்தப் பாதி இருட்டுப் படத்தைத்தான் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள்.

அந்தக் கே1000 எந்தத் தப்பும் செய்யவில்லை. கல்யாணத்துக்குப் போதுமா என்று கேட்டிருந்தால் போதும் என்றே நானும் சொல்லியிருப்பேன். குறை, அது ஒற்றையாக இருந்ததில். அன்று மணவறைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கேமரா, இன்னொருவர் கையில், வேறு ரோலோடு இருந்திருந்தால் என் மறதி என் மறதியாக மட்டும் போயிருக்கும்.

பட்டறையில் ஒரு பாகம் ரிஜெக்ட் ஆனால் இன்னொன்று கடையலாம். கல்யாணத்தில் அந்த வசதி கிடையாது. அதனால் இந்த டிராயிங்கில் முதல் அளவு வெளிச்சமோ மெகாபிக்சலோ அல்ல, எண்ணிக்கை. கேமரா உடல் இரண்டு, ஃப்ளாஷ் இரண்டு, பேட்டரி குறைந்தது நாலு, ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் எழுதும் கேமரா. அது இல்லாவிட்டால் ஒரு மணிக்கு ஒரு தடவையாவது கார்டை மாற்றும் பழக்கம். 1500டியின் பேட்டரி ஒரு சார்ஜுக்கு ஐந்நூறு படம் என்று கம்பெனியே சொல்கிறது. இப்போதைய கல்யாணத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் எடுக்கிறோம். இரவு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று பையன் சொன்னான். மண்டபத்தில் பிளக் பாயின்ட் எத்தனை, அதில் மாட்டக் காத்திருக்கும் கைப்பேசி எத்தனை என்று அவனுக்குத் தெரியாது. ஒரு முறை நான் மாட்டிய சார்ஜரைப் பிடுங்கிவிட்டு யாரோ பூ அலங்காரத்துக்கு சீரியல் லைட் மாட்டியிருந்தார்கள். காலை நாலு மணிக்கு என் பேட்டரிகள் எல்லாம் வெறும் டப்பா.

என்னிடம் வரும் கல்யாண வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "சோனியா, கேனானா?" என்பது. இரண்டும் இல்லை என்றதும் முகம் சுருங்கும். என்னிடம் இருப்பது 2014இல் வந்த நிக்கான் டி750. துணைக்கு 2010இல் வந்த டி7000. வயதில் இரண்டும் கிழம். ஆனால் இரண்டிலும் இரண்டு கார்டு போடலாம். ஒரு வரவேற்பு முடிந்து வீட்டுக்கு வந்து கார்டை மாட்டினால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாவது கார்டில் ஒரு படம் குறையாமல் எல்லாம் இருந்தது. அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை இது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

இது கிழவனின் பயம் என்று நினைத்தால் ஜப்பான்காரர்களைப் பாருங்கள். 2018இல் கேனான் தன் ஈஓஎஸ் ஆர் கேமராவையும் நிக்கான் தன் இசட்6ஐயும் கொண்டுவந்தன. விலை லட்சத்தைத் தாண்டியது, கார்டுக்கு இடம் ஒன்றுதான். உலகமெங்கும் கல்யாணம் எடுப்பவர்கள் முணுமுணுத்தார்கள். 2020இல் கேனான் ஆர்6 வந்தது, நிக்கான் இசட்6 மார்க் 2 வந்தது. இரண்டிலும் இரண்டு கார்டு. அதற்கு முன்பே சோனி 2018இன் ஏ7 மார்க் 3இல் இரண்டு வைத்திருந்தது. எத்தனையோ விஷயத்தில் வாடிக்கையாளர் பேச்சைக் காதில் வாங்காத கம்பெனிகள் இதை மட்டும் கேட்டுக்கொண்டன.

அந்தக் காலத்தில் ஒரே ஒரு படத்தோடு கல்யாணம் நடக்கவில்லையா என்று என் மனைவியே கேட்பாள். நடந்தது. என் அப்பா அம்மாவுக்குக் கல்யாணப் படம் ஒன்றே ஒன்று. தாலி கட்டி மூன்று நாள் கழித்து ஸ்டூடியோவுக்குப் போய், வரைந்த திரைக்கு முன் நாற்காலியில் அப்பா உட்கார, அம்மா நின்று எடுத்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடித் திரட்டி டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். 1880களிலிருந்து 1980 வரையிலான காலம். அந்த நூறு வருடப் படங்களிலும் இப்படி விறைத்த ஜோடிகள் உண்டு. ஆனால் ஸ்டூடியோவில் கண்ணை மூடிவிட்டால் இன்னொன்று எடுக்கலாம். ஜோடி எங்கும் ஓடிவிடாது. கல்யாணத்துக்கு வா, தாலி கட்டும் நொடியைப் பிடி என்று அன்று கேமராவிடம் யாரும் கேட்கவில்லை. டிராயிங்கே வேறு. இன்று அந்த நொடியைக் கேட்கிறோம். மனைவியை அமெரிக்காவுக்கு அழைத்துப் போக விசா நேர்காணலுக்குக் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஜெமினி பாலத்துப் பக்கம் போனவர்கள் எங்கள் ஏரியாவிலேயே இருக்கிறார்கள். கேட்பது கூடிவிட்டால் கொடுக்கிற ஏற்பாடும் கூடத்தான் வேண்டும்.

இன்னொரு சமாதானமும் உண்டு. மண்டபத்தில் இருநூறு கைப்பேசி இருக்கிறதே, ஒன்று போனால் ஒன்று கிடைக்காதா? கிடைக்கும், ஓரளவுக்கு. சித்தப்பாவின் முழங்கையோடு சேர்த்துக் கிடைக்கும். ஆனால் கோயில் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊர் மாசிலாமணீஸ்வரர் கோயில் மாதிரி பழைய கற்கோயில்களில் உள்ளே வெளிச்சமே குறைவு, நிற்க இடமும் குறைவு. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சொன்னது. அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் கோயிலில் இருநூறு கைப்பேசியும் வாசலில் டோக்கன் போட்டுத் தூங்கும். அனுமதி வாங்கி உள்ளே போன உங்கள் கேமரா மட்டும்தான் சாட்சி. எங்கள் கோயிலில் நந்தி சுவாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்து நிற்கும். தொண்டைமான் மன்னனுக்குத் துணையாகப் போரிடத் திரும்பியதாகத் தலபுராணம். துணைக்கு ஆள் வேண்டும் என்பது ஈசனுக்கே தெரிந்திருக்கிறது.

கல்யாண வீட்டாரையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டில் ஒரு ஸ்வீட் கூட்டுவார்கள், வாசலில் செல்ஃபி எடுக்க ஒரு பூ வளையம் வைப்பார்கள், ட்ரோன் வேண்டும் என்பார்கள். ஆவடியைச் சுற்றி டாங்க் தொழிற்சாலை, விமானப்படை நிலையம் என்று இருக்கிற இடத்தில் ட்ரோனா! 2021 ட்ரோன் விதிகளின்படி வரைபடத்தில் சிவப்பு மண்டலமாகக் காட்டியிருக்கும் இடத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது என்று சொன்னால், "பக்கத்து மண்டபத்துல விட்டாங்களே" என்பார்கள். இவ்வளவும் கேட்பவர்கள் இரண்டாவது போட்டோகிராபர் என்றதும், "ஒருத்தர் போதாதா? அவரும் சாப்பிடுவாரே" என்று இலைக்கணக்குப் பார்ப்பார்கள். போட்டோகிராபரை வைக்கும்போது பிராண்டைக் கேட்காதீர்கள். மெகாபிக்சலைக் கேட்காதீர்கள். "இது நின்னுபோச்சுன்னா இன்னொரு கேமரா எங்கே?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பையைத் திறந்து காட்டுகிறவரை வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கேமரா எவ்வளவு கிழடாக இருந்தாலும் சரி. நிற்காது சார் என்கிறவர் எந்தக் கேமரா வைத்திருந்தாலும் அவருக்கு வேறு தேதி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. முதல் கல்யாண ஆர்டர் வந்ததும் இரண்டு லட்சத்துக்குத் தவணையில் ஒரு கேமரா வாங்கிவிடுகிறார்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, தவணைக்கு ஆடி மார்கழி தெரியாது. அதைவிட மோசம், இரண்டு லட்சம் போட்ட பிறகும் கையில் இருப்பது ஒற்றைக் கேமராதான். இருப்பது இருக்கட்டும், துணைக்கு ஒன்றை நாள் வாடகைக்கு எடுங்கள் என்றால் கௌரவக் குறைச்சல். ஒரு வருடம் யாருக்காவது இரண்டாவது ஆளாகப் போங்கள் என்றால் அதைவிடக் குறைச்சல்.

எங்கள் தெருப் பையனுக்குக் கௌரவம் அவ்வளவாக இல்லை. நான் சொன்னதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டான். ஐம்பது எம்எம் லென்ஸ் பழையது வாங்கினான். என் ஃப்ளாஷ் ஒன்றை இரவல் எடுத்துக்கொண்டான். பேட்டரி மூன்று கூட வாங்கினான். இரண்டாயிரம் ரூபாய்க்கு இன்னொரு 1500டியை இரண்டு நாள் வாடகைக்குப் பிடித்து, அதை எப்படிப் பிடிப்பது என்று தங்கைக்கு ஒரு வாரம் பாடம் நடத்தி, மணவறைக்கு அந்தப் பக்கம் நிறுத்தினான்.

கல்யாணம் முடிந்த மறுநாள் மாலை வந்தான். தாலி கட்டும் படம் நன்றாகவே வந்திருந்தது. பெண் தலை குனிந்திருக்கிறாள், அட்சதை ஒன்று அவள் நெற்றிச்சுட்டிக்கு மேல் காற்றில் நிற்கிறது. எந்தக் கேமராவும் நிற்கவில்லை, எந்தக் கார்டும் போகவில்லை. தங்கை எடுத்ததில் ஆல்பத்துக்குத் தேறியது ஆறோ ஏழோ.

"அப்புறம் என்னடா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றேன்.

"வாடகைக் கணக்கைச் சொன்னேன் அங்கிள். உன் கேமராதான் நல்லா ஓடுச்சே, உன் தங்கச்சி சும்மா கழுத்துல மாட்டிக்கிட்டு நின்னதுக்கு ரெண்டாயிரமான்னு பெரியம்மா கேக்கறாங்க."

"கொடுத்தாங்களா?"

"ஆயிரம் கொடுத்தாங்க."